பெரியவர்கள் ஆடிய ஆட்டம், பிள்ளைகளுக்குப் பாடம்!

போன வருஷம் ஐப்பசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேனியில் பள்ளிப் பிள்ளைகளுக்கான சதுரங்கப் போட்டி. என் சின்ன மகளுக்கு அப்போது வயது 11. மொத்தம் ஐந்து சுற்று. ஐந்திலும் தோற்றாள். கடைசி ஆட்டம் பத்தே நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அவளைவிடச் சின்னப் பையன் ஒருவன் "செக்மேட்" என்று சொல்லிவிட்டு, ஐஸ்கிரீம் கேட்டு அம்மாவிடம் ஓடினான்.

போடிக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் எனக்கே வெட்கமாக இருக்கிறது. "விடியுமுன்னே எந்திரிச்சு புளிச்சோறு கிண்டி, பணம் கட்டி, நாள் முழுக்க வாசல்ல உக்காந்திருந்தேன். உனக்கு ஆட வரலைன்னா முன்னாடியே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?" என்று பத்துப் பேர் காதில் விழும்படி கேட்டுவிட்டேன். அவள் பதில் பேசவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் போர்டைச் சுருட்டி, காய்ப்பையோடு பரணில் போட்டாள். "இனிமே நான் ஆடலம்மா. உனக்குச் செலவு வைக்க மாட்டேன்" என்றாள்.

சகோதரிகளே, அந்த இரண்டாவது வாக்கியம்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

அப்பத்தா கேட்ட கேள்வி

எங்கள் ஊர் போடிநாயக்கனூர். மேற்கே திரும்பினால் மலை. மலைக்கு மேலே போடிமெட்டு, அதையும் தாண்டி ஏலத் தோட்டங்கள். மலையில் காய்த்த ஏலக்காய் எங்கள் ஊருக்கு இறங்கி வந்துதான் தரம் பிரிந்து வெளியூர் போகிறது. என் வீட்டுக்காரர் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறார். என் மாமியார் இருபது வருஷத்துக்கு மேல் கிட்டங்கியில் காய் பொறுக்கியவர். நான் பள்ளிப் படிப்போடு நின்றவள். சதுரங்கத்தில் குதிரை எப்படிப் போகும் என்பதே மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

பிள்ளை போர்டைப் பரணில் போட்ட இரண்டாம் நாள் மாமியார் விசாரித்தார். "ஏத்தா, எதுக்கு இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிட்டுத் திரியுது புள்ள?"

நடந்ததைச் சொன்னேன். "தினமும் போன்ல இருபது ஆட்டம் முப்பது ஆட்டம் ஆடத்தான் செய்யிறா அத்தை. அப்படியும் வரலைன்னா என்ன செய்ய?" என்றேன்.

மாமியார் கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றார். பிறகு சொன்னார்: "நான் கிட்டங்கிக்குப் போன புதுசுல முதல் வாரம் பூரா ஏச்சுத்தான் வாங்குனேன். பச்சையும் வெளிறுனதும் கலந்து போட்டேன், வெடிச்ச காயை நல்ல காயோட தள்ளுனேன். எத்தனை முறம் பொறுக்குனாலும் அதே தப்புத்தான். அப்புறம் பக்கத்துல ஒரு பழைய ஆளு இருந்தா. அவ கையை மட்டும் பாத்துக்கிட்டே இருந்தேன். எதை எடுக்கிறா, எதைத் தள்ளுறா, எதைக் கையில வச்சுக்கிட்டு யோசிக்கிறான்னு. அப்புறந்தான் என் கண்ணு தெறந்துச்சு. உம் புள்ள யாரு கையைப் பாத்துச்சு? சும்மா ஆடு ஆடுன்னா எப்படி ஆடும்?"

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதானே! முப்பது ஆட்டம் ஆடினால் ஒரே தப்பை முப்பது தடவை செய்து பழகுகிறாள். மாஸ்டரிடம் அனுப்பி வாரா வாரம் பணம் கட்ட எங்கள் வருமானம் இடம் கொடுக்காது. கெட்டிக்கார ஆட்டக்காரரின் கையை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எப்படிப் பார்ப்பது?

யோசித்தபோதுதான் சதுரங்கத்தின் ஒரு பெரிய வசதி புரிந்தது. கைமணம் உள்ள பாட்டி வைத்த குழம்பு, அன்றோடு போயிற்று. எந்த நேரத்தில் புளி விட்டாள், எப்போது அடுப்பைத் தணித்தாள் என்று யார் எழுதி வைத்தார்கள்? சதுரங்கத்தில் அப்படியில்லை. பெரிய ஆட்டக்காரர்கள் வைத்த ஒவ்வொரு அடியையும் எழுதி வைத்திருக்கிறார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னே பாரிஸில் நடந்த ஆட்டத்தை இன்று போடியில் பாயை விரித்து, அதே காய்களை அதே வரிசையில் நகர்த்திப் பார்க்கலாம். இதற்குக் காசும் வேண்டாம், சிபாரிசும் வேண்டாம்.

ஆனந்தின் அம்மா செய்த காரியம்

இது நான் கண்டுபிடித்த வழி இல்லை. விஸ்வநாதன் ஆனந்தின் அம்மா சுசீலா அவர்களே இதைத்தான் செய்திருக்கிறார். 1969-ல் மயிலாடுதுறையில் பிறந்த ஆனந்துக்கு ஆறு வயதில் சதுரங்கம் சொல்லிக் கொடுத்தவர் அம்மாதான். அப்பாவின் ரயில்வே வேலை காரணமாக எழுபதுகளின் கடைசியில் குடும்பம் பிலிப்பைன்ஸ் நாட்டில் மணிலாவுக்குப் போயிற்று. அங்கே டெலிவிஷனில் மத்தியான வேளையில் ஒரு சதுரங்க நிகழ்ச்சி வரும். பிள்ளை அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தில் இருப்பான். அம்மா என்ன செய்தார்? டெலிவிஷன் முன்னால் நோட்டோடு உட்கார்ந்து, அதில் காட்டிய ஆட்டங்களையும் புதிர்களையும் எழுதி வைத்துக்கொண்டார். பிள்ளை வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து காய்களை அடுக்கி ஆராய்வார்கள். புதிருக்கு விடை எழுதி அனுப்பினால் புத்தகம் பரிசு. ஆனந்த் ஜெயித்துக்கொண்டே இருந்ததால், "வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள், இனிமேல் விடை அனுப்பாதே" என்கிற அளவுக்குப் போய்விட்டதாம்! இதை ஆனந்தே பல தடவை சொல்லியிருக்கிறார்.

சென்னையில் அவர் போய் ஆடிய இடம் தால் சதுரங்கக் கிளப். 1972-ல் சோவியத் கலாசார மையத்தில் தொடங்கியது. 1960-ல் உலக சாம்பியனான மிகயில் தாலின் பெயரை வைத்தார்கள். அதற்கு முன்நின்றவர் மானுவல் ஆரன். 1961-ல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனவர். அந்தக் கிளப்பில் வளர்ந்த ஆனந்த் 1988-ல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார், பிறகு ஐந்து முறை உலகப் பட்டம் பெற்றார். எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்தது ஒரு அம்மாவின் நோட்டுப் புத்தகம்.

அவர் சதுரங்கம் தெரிந்தவர், எனக்கு அரைகுறை. ஆனாலும் எழுத எனக்குத் தெரியுமே! மளிகைக் கணக்கு எழுதும் நோட்டில் பாதி காலியாக இருந்தது. அதைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.

எழுத்து முறை, அரை மணி நேரத்தில்

ஆட்டத்தை எழுதும் முறை பார்க்கத்தான் பயமாக இருக்கும். விஷயம் சுலபம். போர்டில் இடமிருந்து வலமாக எட்டு வரிசை. அவற்றுக்கு ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்று ஆங்கில எழுத்துப் பெயர். கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை எண். வெள்ளைக் காய்கள் கீழே 1, 2-ல் நிற்கும். கறுப்பு மேலே 7, 8-ல். ரயிலில் பெட்டி எழுத்தும் ஸீட் எண்ணும் பார்ப்பது போலத்தான்: இ4 என்றால் இ வரிசையில் நான்காம் கட்டம். எங்கள் வீட்டில் ரூக்கை யானை என்போம், பிஷப்பை மந்திரி என்போம். கட்டத்தின் பெயர் மட்டும் இருந்தால் சிப்பாய் நகர்ந்தது என்று அர்த்தம். பெருக்கல் குறி போட்டிருந்தால் அங்கிருந்த காயை வெட்டியாயிற்று.

முதலில் எடுத்துக்கொள்ள ஓர் ஆட்டம் வேண்டுமே? நீளமான ஆட்டம் பிள்ளைக்கு அலுக்கும். நான் பொறுக்கியது 17 அடியில் முடியும் ஓர் ஆட்டம். 1858-ல் பாரிஸில் நடந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த பால் மார்ஃபி என்ற 21 வயது இளைஞர் வெள்ளைக் காய். எதிரே பிரன்ஸ்விக் பிரபுவும் இன்னொரு பிரபுவும் சேர்ந்து கலந்து பேசி ஆடினார்கள். இடம், சங்கீத நாடகம் நடந்துகொண்டிருந்த அரங்கில் பிரபுவின் தனி மாடம்! அதனால் இதை 'ஆப்பரா ஆட்டம்' என்பார்கள். உலகமெங்கும் பிள்ளைகளுக்கு முதல் பாடமாகச் சொல்லித் தருவது இதைத்தான். நோட்டில் எழுதிக்கொள்ள விரும்பும் சகோதரிகளுக்காக முழுவதையும் தருகிறேன். முதலில் வருவது வெள்ளை, கோட்டுக்குப் பின் வருவது கறுப்பு.

1. இ4 – இ5
2. குதிரை எஃப்3 – டி6
3. டி4 – மந்திரி ஜி4
4. சிப்பாய் × இ5 – மந்திரி × எஃப்3
5. ராணி × எஃப்3 – சிப்பாய் × இ5
6. மந்திரி சி4 – குதிரை எஃப்6
7. ராணி பி3 – ராணி இ7
8. குதிரை சி3 – சி6
9. மந்திரி ஜி5 – பி5
10. குதிரை × பி5 – சிப்பாய் × பி5
11. மந்திரி × பி5 செக் – பி8 குதிரை டி7
12. ராணி பக்கம் காஸ்லிங் – யானை டி8
13. யானை × டி7 – யானை × டி7
14. யானை டி1 – ராணி இ6
15. மந்திரி × டி7 செக் – குதிரை × டி7
16. ராணி பி8 செக் – குதிரை × பி8
17. யானை டி8 செக்மேட்

மூடி வைத்துக் கேட்பதுதான் ரகசியம்

இதை மகளிடம் நீட்டி "படி" என்றால் படித்திருக்க மாட்டாள். அவளை நான் கூப்பிடவே இல்லை. பரணிலிருந்து போர்டை இறக்கி, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நானே பாயில் உட்கார்ந்து நகர்த்திப் பார்க்க ஆரம்பித்தேன். இரண்டு நாள் தூர இருந்து பார்த்தாள். மூன்றாம் நாள், "அம்மா, குதிரையைத் தப்பான கட்டத்துல வச்சிருக்க" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எனக்கு அது போதும்!

பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்து நோட்டின் மேல் மூடினேன். ஓர் அடி முடிந்ததும், "இப்ப நீ மார்ஃபியா இருந்தா என்ன செய்வ?" என்று கேட்பேன். அவள் சொல்ல வேண்டும். ஏன் என்றும் சொல்ல வேண்டும். பிறகுதான் பத்திரிகையை ஒரு வரி கீழே இறக்குவேன். சரியாகச் சொன்னால் ஒரு கோடு. தப்பானால் ஒன்றுமில்லை, அவர் ஏன் வேறு மாதிரி ஆடினார் என்று இரண்டு பேரும் யோசிப்போம்.

எட்டாவது அடியில் முதல் மோதல். ஏழாவது அடியில் மார்ஃபி ராணியை பி3-ல் வைத்ததும் அது இரண்டு இடத்தைக் குறிபார்க்கிறது: எஃப்7 சிப்பாயையும் பி7 சிப்பாயையும். கறுப்பு எஃப்7-ஐக் காப்பாற்ற ராணியை இ7-க்குக் கொண்டுவந்தது. பி7 சிப்பாய் சும்மா நிற்கிறது. "வெட்டு!" என்றாள் மகள். "ஓசியில கிடைக்குதே!"

பத்திரிகையை இறக்கினேன். மார்ஃபி வெட்டவில்லை. இன்னொரு குதிரையை வெளியே கொண்டுவருகிறார். மகளுக்குக் கோபம். "ஏன்? லூசா அவரு?"

இரண்டு பேரும் வெட்டிப் பார்த்தோம். ராணி பி7-ஐ வெட்டினால், கறுப்பு ராணி பி4-க்கு வந்து செக் சொல்லும். ராணிக்கு ராணி வெட்டுப்பட்டுப் போகும். சிப்பாய் லாபம் நிஜம்தான். ஆனால் தாக்கும் வேகம் போய்விடும். மார்ஃபிக்கு ஒரு சிப்பாய் பெரிதாகப் படவில்லை, எல்லாக் காயும் வேலைக்கு வருவது பெரிதாகப் பட்டது. அந்தச் சமயம் கறுப்பு ராணி எங்கே நிற்கிறது பாருங்கள்! தன் மந்திரி வெளியே வரும் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறது. சமையலறை வாசற்படியில் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் உள்ளே இருப்பவர் வெளியே வர முடியுமா? அப்படித்தான்.

பத்தாவது அடியில் குதிரையையே கொடுத்து இரண்டு சிப்பாயை எடுக்கிறார். காரணம், கறுப்பு ராஜா இன்னும் நடுவிலேயே நிற்கிறது. 12-ல் காஸ்லிங் செய்யும்போது யானையும் அதே அடியில் டி வரிசைக்கு வந்துவிடுகிறது. 13-ல் அந்த யானையைக் கொடுக்கிறார். உடனே அடுத்த யானை அதே இடத்துக்கு வருகிறது. 16-ல் ராணியையும் கொடுத்துவிடுகிறார்! கடைசியில் மிச்சம் நின்ற ஒரு யானையும் ஒரு மந்திரியும் சேர்ந்து மேட்.

முடிந்த பிறகு போர்டைக் கலைக்காமல் மகளிடம் ஒரு கேள்வி கேட்டேன். "கறுப்புல நகரவே நகராத பெரிய காய் எது எது?" எண்ணிப் பார்த்தாள். ராஜா பக்கத்து யானை, மந்திரி இரண்டும் ஆட்டம் தொடங்கியபோது நின்ற இடத்திலேயே நின்றன. வெள்ளையிலோ வேலை செய்யாத பெரிய காய் ஒன்றுகூட இல்லை. கல்யாண வீட்டில் நாலு பேர் ஓடியாடி, நாலு பேர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் பந்தி எப்படி நடக்கும்?

மகள் மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, தேனியில நானும் ராணியை மட்டுந்தான் ஓட்டிக்கிட்டே இருந்தேன். மத்ததெல்லாம் வீட்லயே இருந்துச்சு."

மூன்று வாரமாக அவள் வாயே திறக்காத விஷயம் அது. நான் திட்டியபோது வராத பதில், மார்ஃபியின் ஆட்டத்தைப் பார்த்ததும் தானாக வந்தது.

ராஜாவும் நடக்க வேண்டிய வேளை

அடுத்த மாதம் எடுத்துக்கொண்ட ஆட்டம் வேறு மாதிரி. 1924-ல் நியூயார்க்கில் கியூபா நாட்டின் கபாபிளாங்கா, டார்டகோவர் என்பவரோடு ஆடியது. கபாபிளாங்கா அப்போது உலக சாம்பியன். இதில் முதல் முப்பது அடியை வேகமாக நகர்த்திவிட்டு, கடைசிப் பகுதியில் உட்கார்ந்தோம். இரண்டு பக்கமும் ஒரு யானை, சில சிப்பாய்கள், ராஜா. அவ்வளவுதான்.

35-வது அடியில் கபாபிளாங்கா தன் ராஜாவை முன்னால் நடத்துகிறார். எதிரி யானை ஒரு சிப்பாயை வெட்டிச் செக் சொல்கிறது. ராஜா கவலைப்படாமல் நடக்கிறது. இன்னொரு சிப்பாயும் போகிறது, அதுவும் செக்கோடு. ராஜா நடந்துகொண்டே போய் எஃப்6-ல் எதிரி ராஜாவின் எதிரே நிற்கிறது. வழியில் வெட்டக்கூடிய ஒரு கறுப்புச் சிப்பாய் இருந்தும் தொடவில்லை. ஏனென்றால் அந்தச் சிப்பாயே தன் ராஜாவுக்குக் குடைமாதிரி, செக் விழாமல் மறைக்கிறது! பிறகு இழந்த சிப்பாய்களையெல்லாம் திரும்பப் பிடித்து ஜெயிக்கிறார்.

ஆட்டத்தின் தொடக்கத்தில் ராஜாவை ஒளித்து வைக்க வேண்டும், காய்கள் குறைந்த பிறகு அதே ராஜா வெளியே வந்து வேலை செய்ய வேண்டும் என்பது இதன் பாடம். கடைசிப் பகுதியை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் கபாபிளாங்காவின் அபிப்பிராயமும். காய்கள் கொஞ்சமாக இருப்பதால் நம்மைப் போன்ற அம்மாக்களுக்கும் புரியும்.

நமது குகேஷ் உலக சாம்பியன் ஆன அன்று என்ன நடந்தது? 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், கடைசியான 14-வது ஆட்டம். சீனாவின் டிங் லிரெனும் அவரும் சமமாக இருந்தார்கள். ஆட்டமும் சமமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 55-வது அடியில் டிங் யானைக்கு யானை வெட்டிக்கொள்ளும்படி எஃப்2-ல் வைத்தார். குகேஷ் யானையை வெட்டினார். அடுத்து மந்திரியையும் மந்திரிக்கு எதிரே நிறுத்தினார். மூலையில் இருந்த டிங்கின் மந்திரிக்கு ஒதுங்க இடமில்லை. இரண்டும் போனால் மிச்சம் ராஜாவும் சிப்பாய்களும்தான். அதில் ஒரு சிப்பாய் அதிகம் வைத்திருந்த குகேஷுக்கு வெற்றி நிச்சயம். உலகப் பட்டத்தைத் தீர்மானித்தது, நாங்கள் பாயில் உட்கார்ந்து படித்த அதே ராஜா–சிப்பாய்ப் பாடம்! 18 வயதில் உலக சாம்பியன். மகள் அன்றைய ஆட்டத்தையும் நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு பூ வரைந்திருக்கிறாள்.

நாங்கள் செய்த தப்புகள்

வழி நல்ல வழிதான், ஆனாலும் சறுக்கினோம். நீங்கள் சறுக்காமல் இருக்கச் சொல்கிறேன்.

முதல் தப்பு, அவசரம். வாரத்துக்கு ஐந்து ஆட்டம் என்று கணக்கு வைத்தேன். ஒன்றும் மனசில் நிற்கவில்லை. இப்போது வாரத்துக்கு ஒன்றே ஒன்று. முதல் நாள் மூடி வைத்து ஊகிப்பது, இரண்டாம் நாள் காரணம் பேசுவது, மூன்றாம் நாள் அவள் அப்பாவுக்கு அவளே சொல்லிக் காட்டுவது. பிறருக்குச் சொல்லும்போதுதான் தனக்கு எது புரியவில்லை என்பது தெரிகிறது.

இரண்டாவது, மனப்பாடம். ஒரு சமயம் மகள் மார்ஃபியின் 17 அடியையும் கடகடவென்று ஒப்பித்தாள். எனக்கு ஒரே பெருமை! எதிரே ஆடிய அண்ணன் மூன்றாவது அடியை மாற்றி வைத்ததும் திருதிருவென்று விழித்தாள். அடிகளைப் பாடம் செய்வதில் லாபமில்லை. 'ஏன்' என்பதைத்தான் பாடம் செய்ய வேண்டும். அன்றிலிருந்து ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கீழே ஒரே வரி எழுதுகிறோம். மார்ஃபிக்குக் கீழே: "எல்லாரையும் வேலைக்குக் கூப்பிடு." கபாபிளாங்காவுக்குக் கீழே: "கடைசியில ராஜா நடக்கணும்."

மூன்றாவது, போனிடம் விடை கேட்பது. இப்போதெல்லாம் போனில் உள்ள சதுரங்கக் கம்ப்யூட்டர் ஒரு நொடியில் சரியான அடியைச் சொல்லிவிடும். பிள்ளை யோசிக்குமுன்னே விடை வந்துவிட்டால் மூளைக்கு என்ன வேலை? குகேஷுக்கு ஆரம்ப வருஷங்களில் அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா கம்ப்யூட்டர் உதவி இல்லாமலேதான் பயிற்சி கொடுத்தார். அத்தனை பெரிய பிள்ளைக்கே அப்படி என்றால் நம் பிள்ளைகளுக்குக் கேட்பானேன்? எங்கள் வீட்டில் கடைசியாக, நாங்கள் பேசி முடித்த பிறகுதான் போனைத் திறப்போம்.

நேரம், இடத்தையும் சொல்லிவிடுகிறேன். அரை மணிக்கு மேல் வேண்டாம். குனிந்தே உட்கார்ந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். போர்டை ஒரு பலகை மேல் உயர்த்தி வையுங்கள். வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வரட்டும். போட்டிக்கு முந்தின ராத்திரி பாடமே வேண்டாம், தூக்கம்தான் மருந்து. காலையில் எண்ணெய்ப் பலகாரம் கொடுத்துத் தூங்கவைக்காமல் இட்லியும் ஒரு வாழைப்பழமும் கொடுங்கள்.

தோற்ற ஆட்டத்துக்கும் ஒரு பக்கம்

நோட்டின் இடப்பக்கத்தில் பெரியவர்கள் ஆட்டம். வலப்பக்கத்தில் மகள் தோற்ற ஆட்டம். இந்த யோசனை அவளுடையது. போட்டிகளில் எழுதித் தரும் தாளை முன்பெல்லாம் கிழித்துப் போடுவாள். இப்போது பத்திரமாகக் கொண்டுவந்து நோட்டில் ஏற்றுகிறாள். பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தானே பேசுகிறது.

பக்கத்து வீட்டு மதினி ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குத்தா இந்த யானையும் குதிரையும்? நேரத்துக்குக் காய் நறுக்கப் பழக்கு" என்றார். நான் சண்டை போடவில்லை. 1933-லேயே நம் தேசத்திலிருந்து சீமைக்குப் போன ஃபாத்திமா என்ற வேலைக்காரப் பெண் அங்கே பிரிட்டிஷ் மகளிர் பட்டத்தை ஜெயித்த கதையைச் சொன்னேன். 2001-ல் சென்னை விஜயலட்சுமி நாட்டின் முதல் மகளிர் கிராண்ட்மாஸ்டர் ஆனதையும் சொன்னேன். டி.வி. பார்ப்பதைக் குறைக்கச் சதுரங்கத்தில் சேர்த்துவிடப்பட்ட வைஷாலி 2023 கடைசியில் கிராண்ட்மாஸ்டர் தகுதியை எட்டினார். தம்பி பிரக்ஞானந்தாவும் கிராண்ட்மாஸ்டர். அவர்கள் அம்மா நாகலட்சுமி வெளிநாட்டுப் போட்டிகளுக்கும் குக்கரைத் தூக்கிக்கொண்டு போய் ரசம் சாதம் வடித்துக் கொடுத்தவர். 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது ஹரிகா நிறைமாதக் கர்ப்பிணியாக உட்கார்ந்து ஆடினார், அந்த அணிக்கு வெண்கலம் கிடைத்தது. மதினி, "அடி ஆத்தி!" என்று மோவாயில் கை வைத்தார். மறுவாரம் தன் பேத்தியைக் கையில் பிடித்து அழைத்து வந்துவிட்டார்.

மறுபடியும் தேனி

ஆடி மாதம் மறுபடியும் ஒரு போட்டி. அதே பஸ், அதே புளிச்சோறு. இந்த முறை ஆறு சுற்று. மூன்றில் ஜெயித்தாள், ஒன்று சமம், இரண்டில் தோல்வி. கோப்பை ஒன்றும் கிடைக்கவில்லை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

இரண்டாவது தோல்விக்குப் பிறகு வெளியே வந்தவளைப் பார்த்து எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பழைய வார்த்தைகள் ஞாபகம் வந்தன. வாயைத் திறக்காமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். மடக் மடக்கென்று குடித்துவிட்டு, "அம்மா, 22-வது அடியில சும்மா கிடைச்ச சிப்பாயை எடுத்துட்டேன். எடுத்திருக்கக் கூடாது. மார்ஃபி எடுக்க மாட்டாரு" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்!

தோற்ற பிள்ளை சிரிக்கிறதே என்று பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். எனக்குத் தெரியும். ஏன் தோற்றோம் என்று தெரியாத தோல்விதான் பிள்ளையைக் குன்ற வைக்கும். காரணம் தெரிந்துவிட்டால் அது அடுத்த வாரப் பாடம், அவ்வளவுதான்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவள்தான் உட்கார்ந்தாள். போடி நெருங்கும்போது மலையில் மேகம் இறங்கியிருந்தது. என் தோளில் சாய்ந்துகொண்டு, "அம்மா, அன்னிக்கு இதே பஸ்ல நீ திட்டினேல்ல?" என்றாள்.

"தப்புத்தான் கண்ணு. அம்மா அன்னிக்கு யோசிக்காம அடி வச்சுட்டேன்" என்றேன்.

"பரவாயில்லை. நோட்ல எழுதிக்க" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் கேட்ட முதல் கேள்வி, ஜெயித்தாயா தோற்றாயா என்பதில்லை. "இன்னிக்கு யாரு கையைப் பாத்தத்தா?" என்றார். ஜெயித்த அக்காவின் ஆட்டத்தை முழுக்க எழுதி வாங்கி வந்திருந்தாள் மகள். அந்த ஆட்டம்தான் இந்த வாரம் எங்கள் நோட்டில், இடப்பக்கத்தில்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு போர்டு தூசி படிந்து கிடக்கலாம். இறக்கித் துடையுங்கள். மளிகை நோட்டின் பின்பக்கத்தைத் திருப்புங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று கட்டாயம் இருக்கும். மற்றதை மார்ஃபி பார்த்துக்கொள்வார்.